ஓர் ஊராட்சியின் காசநோய்க் கணக்கை எடுப்பதும் படிப்பதும் எப்படி?

"உங்கள் ஊரில் இந்த ஆண்டு எத்தனை பேருக்குக் காசநோய் வந்தது, எத்தனை பேர் இறந்தார்கள்?" என்ற கேள்வி முன்பெல்லாம் மாவட்டக் காசநோய் மையத்தோடு நின்றுவிடும். 'காசநோய் இல்லா ஊராட்சி' என்ற முயற்சி 2023 மார்ச்சில் நாடு முழுவதும் தொடங்கப்பட்ட பிறகு, ஊராட்சி நிர்வாகத்தினர், வார்டு உறுப்பினர்கள், சுய உதவிக் குழுப் பெண்கள், கிராம சுகாதார செவிலியர் என எல்லோரிடமும் அது கேட்கப்படுகிறது. ஆனால் அந்த எண்களை எங்கே பெறுவது, எப்படி வகுத்துப் பார்ப்பது, பார்த்தபின் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று பொறுமையாக விளக்குவோர் குறைவு. அந்த வேலையைச் செய்யப்போகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். விளக்க வசதிக்காக 6,000 பேர் வாழும் ஓர் ஊராட்சியைக் கற்பனையாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊரின் எண்ணை அந்த இடத்தில் வைத்துக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புதிய நோயாளர் எண்ணிக்கை கூடினால் கெட்ட செய்தி, குறைந்தால் நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்வதுதான் இந்தக் கணக்கில் எல்லோரும் செய்யும் முதல் தவறு. அந்த எண் நோயின் அளவை மட்டும் காட்டுவதில்லை. நாம் எவ்வளவு தேடினோம் என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. 2019இல் இந்தியாவில் 24.04 லட்சம் காசநோயாளிகள் பதிவாயினர். 2020இல் அது 18.05 லட்சமாக விழுந்தது. ஒரே ஆண்டில் நான்கில் ஒரு பங்கு நோய் மறைந்துவிடவில்லை. கொரோனா முடக்கத்தில் பரிசோதனைக்கு வருவதும் பரிசோதனை செய்வதும் நின்றுபோயின. காணாமல் போன அந்த ஆறு லட்சம் பேரும் தங்கள் வீடுகளில் இருமிக்கொண்டுதான் இருந்தார்கள்.

மக்கள்தொகை என்ற வகுக்கும் எண்

எந்த வீதத்தைக் கணக்கிடவும் முதலில் வேண்டியது ஊரின் மக்கள்தொகை. 2011க்குப் பிந்தைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்கள் கைக்கு வராத நிலையில், 2011இன் பழைய எண்ணை அப்படியே பயன்படுத்தினால் வளர்ந்த ஊரின் நோய் வீதம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தோன்றும். ஆட்கள் வெளியேறிவிட்ட ஊரின் வீதம் குறைவாகத் தோன்றும். கிராம சுகாதார செவிலியர் வைத்திருக்கும் குடும்பப் பதிவேடும் அங்கன்வாடிக் கணக்கெடுப்பும் நடப்பு நிலைக்கு நெருக்கமானவை. இரண்டையும் ஒப்பிட்டு ஓர் எண்ணை முடிவு செய்து, எந்தப் பதிவேட்டிலிருந்து எந்த மாதத்தில் எடுத்தது என்பதையும் அதன் பக்கத்திலேயே குறித்துவிட வேண்டும்.

செங்கல் சூளை, நூற்பாலை விடுதி, கட்டடப் பணியிடம் ஆகியவற்றில் தங்கியிருக்கும் வெளியூர்த் தொழிலாளர்களைச் சேர்ப்பதா விடுவதா என்ற கேள்வி கட்டாயம் எழும். சேர்க்க வேண்டும் என்பதே என் கருத்து. அவர்களும் இந்த ஊரின் காற்றையே சுவாசிக்கிறார்கள். இங்கே விட்டுவிட்டால் சொந்த ஊரிலும் யாரும் அவர்களை எண்ணப்போவதில்லை. எதை முடிவு செய்தாலும் வகுக்கும் எண்ணிலும் நோயாளர் எண்ணிக்கையிலும் ஒரே விதியைக் கடைப்பிடிக்க வேண்டும். சூளைத் தொழிலாளி ஒருவரை நோயாளராக எண்ணிவிட்டு, அவரோடு தங்கியிருக்கும் நூறு பேரை மக்கள்தொகையில் விட்டுவிட்டால் கணக்கு தப்பாகிவிடும்.

புதிய நோயாளர் யார்?

காசநோய் 2012 மே மாதம் முதல் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். அரசு மருத்துவமனையில் கண்டறிந்தாலும் தனியார் மருத்துவர் கண்டறிந்தாலும் 'நிக்ஷய்' என்ற இணையப் பதிவேட்டில் நோயாளி ஏற்றப்பட வேண்டும். ஆகவே உங்கள் ஊரின் எண் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. அதை, வட்டார அளவில் காசநோய்ப் பணியைக் கவனிக்கும் காசநோய் அலகின் முதுநிலை சிகிச்சை மேற்பார்வையாளரிடமோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடமோ கேட்டுப் பெறலாம். பெயர்ப் பட்டியலைக் கேட்காதீர்கள், எண்ணிக்கை போதும். வயதுப் பிரிவு, ஆண், பெண், நுரையீரல் காசநோயா பிற உறுப்புக் காசநோயா, சளிப் பரிசோதனையில் உறுதியானதா எக்ஸ்ரேயையும் அறிகுறியையும் வைத்து மருத்துவர் முடிவு செய்ததா என்ற பிரிவுகளோடு கேளுங்கள்.

பெற்ற எண்ணில் மூன்று இடங்களில் பிழை வரும். முதலாவது, முகவரி. உங்கள் ஊர்க்காரர் நகரத்து மருத்துவமனையில் கண்டறியப்பட்டு நகரத்தின் கணக்கிலேயே தங்கியிருக்கலாம். வெளியூரில் குடியேறிவிட்டவர் பழைய முகவரியால் உங்கள் கணக்கில் ஏறியிருக்கலாம். நோயாளி வசிக்கும் ஊரே கணக்குக்கு உரிய ஊர் என்று மேற்பார்வையாளரிடம் சொல்லிச் சரிபார்க்கச் செய்ய வேண்டும்.

இரண்டாவது, தனியார் சிகிச்சை. ஊரிலிருந்து மக்கள் வழக்கமாகப் போகும் நகரத்துத் தனியார் மருத்துவமனைகளிலிருந்து ஓராண்டில் ஒரு நோயாளியும் பதிவாகவில்லை என்றால், அங்கே நோயாளிகள் போகவில்லை என்று பொருள் கொள்ளாதீர்கள். பதிவு நடக்கவில்லை என்றே சந்தேகிக்க வேண்டும். காசநோய் மருந்துகள் 2014 முதல் 'எச்1' அட்டவணையில் உள்ளவை. அவற்றை விற்கும் மருந்துக் கடைக்காரர் மருத்துவர் பெயர், நோயாளி பெயரோடு தனிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை நிக்ஷயோடு ஒப்பிடும் அதிகாரம் துறை அலுவலர்களுக்கு உண்டு. அதைச் செய்யுமாறு கேட்டுக்கொள்வது நம் பங்கு.

மூன்றாவது, 'புதியவர்' என்ற சொல். இதுவரை காசநோய் மருந்தே உண்ணாதவர் அல்லது ஒரு மாதத்துக்கும் குறைவாக உண்டவர் புதிய நோயாளி. முன்பு முழுமையாகக் குணமாகி மீண்டும் நோய் வந்தவரும் அந்த ஆண்டின் நிகழ்வாகவே எண்ணப்படுகிறார். ஆனால் சென்ற ஆண்டு சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டு இந்த ஆண்டு திரும்பி வந்தவர் புதிய நிகழ்வு அல்லர். அவருடைய நோய் பழையது, அவரைத் தவறவிட்டது நாம். அவரைத் தனிக் கட்டத்தில் எழுதுங்கள். அந்தக் கட்டத்தில் எண் ஏறிக்கொண்டே போனால் ஊரில் தொடர் சிகிச்சை சரியாக நடக்கவில்லை என்று அறியலாம்.

வீதத்தைக் கணக்கிடுதல்

கணக்கு எளிது. நோயாளர் எண்ணிக்கையை மக்கள்தொகையால் வகுத்து ஒரு லட்சத்தால் பெருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2015இல் இந்தியாவில் லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 237 பேர் புதிதாக நோயுற்றனர். 2023இல் அது 195 ஆகக் குறைந்தது. இறப்பு அதே காலத்தில் லட்சத்துக்கு 28இலிருந்து 22 ஆனது. இந்த வீதத்தை நம் 6,000 பேர் ஊருக்குப் பொருத்தினால் ஆண்டுக்குச் சுமார் 12 புதிய நோயாளரையும் ஒன்று அல்லது இரண்டு இறப்புகளையும் எதிர்பார்க்கலாம்.

எதிர்பார்க்கலாம் என்றுதான் சொல்ல முடியும். சிறிய எண்கள் தற்செயலாகவே ஏறி இறங்கும். சராசரி 12 என்றால், ஊரில் எதுவுமே மாறாமல் ஓர் ஆண்டு 7 என்றும் மறு ஆண்டு 17 என்றும் வரலாம். தோராயமாகத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு: சராசரி எண்ணின் வர்க்க மூலத்தை இரண்டால் பெருக்கி, அதே எண்ணோடு கூட்டியும் கழித்தும் பாருங்கள். 12இன் வர்க்க மூலம் ஏறத்தாழ மூன்றரை; இரு மடங்கு ஏழு; ஆக 5 முதல் 19 வரை எந்த எண் வந்தாலும் அதைத் தற்செயல் என்று சொல்ல இடமுண்டு. சென்ற ஆண்டு 12, இந்த ஆண்டு 8 என்பதைக் கொண்டு "மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிட்டோம்" என்று அறிக்கை எழுதுவது, எழுதுபவர் எவ்வளவு நல்ல மனதோடு எழுதினாலும், உண்மை ஆகாது.

இறப்பில் இது இன்னும் கடுமை. ஆண்டுக்குச் சராசரியாக 1.3 இறப்பு நிகழும் ஊரில், எந்த முயற்சியும் இல்லாமலே ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் ஓர் ஆண்டு இறப்பே இல்லாமல் கழியும். அந்த ஆண்டின் பூச்சியத்துக்குப் பாராட்டு வாங்கி, அடுத்த ஆண்டு இரண்டு இறப்பு வந்ததும் செவிலியரைக் கடிந்துகொள்வது நியாயமில்லை. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பூச்சியம் என்றால் கதை வேறு. தற்செயலாக அப்படி நேர நூற்றில் இரண்டு வாய்ப்புகளே உள்ளன. காசநோய் இல்லா ஊராட்சிக்கான விருதுத் திட்டத்திலும் ஓராண்டு தகுதி பெற்றால் வெண்கல நிறக் காந்தி சிலை, தொடர்ந்து இரண்டாண்டுக்கு வெள்ளி, மூன்றாண்டுக்குத் தங்கம் என்று வைத்திருப்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால், மூன்றாம் ஆண்டின் தகுதிக்கே உண்மையான எடை உண்டு என்பது புரியும்.

ஆகவே மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளைச் சேர்த்தே கணக்கிடுங்கள். நம் ஊரில் மூன்று ஆண்டுகளில் 10, 14, 9 என 33 புதிய நோயாளர்களும், மொத்தம் 4 இறப்புகளும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுகளுக்கு 6,000 வீதம் 18,000. இதனால் 33ஐ வகுத்து லட்சத்தால் பெருக்கினால் புதிய நோயாளர் வீதம் 183. இறப்பு வீதம் 22. பிறகு, 33 பேரில் 4 பேர் இறந்தனர் என்பதை நூற்றுக்கு மாற்றினால் 12. இந்தக் கடைசி எண்ணைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். லட்சம் மக்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது ஒரு கேள்வி; நோய் வந்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேரை இழந்தோம் என்பது வேறு கேள்வி. முன்னது நோயின் பரவலையும் சிகிச்சையையும் சேர்த்துச் சொல்கிறது. பின்னது நோயைக் கண்டறிந்ததில் ஏற்பட்ட தாமதத்தையும் சிகிச்சையின் தரத்தையும் சொல்கிறது. நாட்டின் மதிப்பீடுகளை வைத்துப் பார்த்தால் பின்னது 11க்கு அருகில் இருக்கிறது. அது 5க்குள் வர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்த இலக்கு.

பரிசோதனை எண்ணிக்கை இல்லாமல் எதையும் படிக்க வேண்டாம்

ஆயிரம் பேருக்கு ஒருவர் அல்லது அதற்கும் குறைவாக நோயாளர் இருக்க வேண்டும் என்பது காசநோய் இல்லா ஊராட்சிக்கான நிபந்தனைகளில் ஒன்று. இது மட்டும் இருந்திருந்தால் யாரையும் பரிசோதிக்காத ஊரே முதல் பரிசு பெற்றிருக்கும். அதனால்தான் ஆயிரம் பேருக்கு 30 பேரையாவது ஆண்டுக்குப் பரிசோதித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே இருக்கிறது. நம் ஊருக்கு அது 180 பேர், மாதத்துக்குப் பதினைந்து. சிகிச்சை வெற்றி 85 சதவீதத்துக்கு மேல், மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்று பார்க்கும் மருந்து எதிர்ப்புப் பரிசோதனை குறைந்தது 60 சதவீதத்தினருக்கு, ஊட்டச்சத்து உதவி அனைவருக்கும் என்பன மற்றவை.

அந்த 180 பேர் யார் என்பதையும் கேட்க வேண்டும். முகாம் நாளில் வந்து நின்ற நலமான இளைஞர்களைக் கொண்டு எண்ணை நிரப்பிவிட முடியும். நோய் அவர்களிடம் பெரும்பாலும் இருக்காது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை, சளியில் ரத்தம் உள்ளவர்கள் முதலில் வர வேண்டும். அறிகுறி இல்லாவிட்டாலும் சர்க்கரை நோயாளிகள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், மெலிந்தவர்கள், மது, புகைப் பழக்கம் உள்ளவர்கள், முதியோர், கல் உடைக்கும் தூசியில் வேலை செய்தவர்கள், முன்பு காசநோய் வந்து குணமானவர்கள், நோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள் ஆகியோரையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுசெல்லும் வீடுகளின் பட்டியல் இதற்கு நல்ல தொடக்கம்.

எக்ஸ்ரேயை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், 2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் நடந்த காசநோய்ப் பரவல் கணக்கெடுப்பில், எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால் 42.6 சதவீத நோயாளிகள் தப்பியிருப்பார்கள் என்று தெரியவந்தது. அதே கணக்கெடுப்பில், அறிகுறி இருந்தவர்களிலும் 64 சதவீதம் பேர் எந்த மருத்துவரிடமும் போகவில்லை. அவர்களில் பெரும்பாலோர் அறிகுறியைப் பொருட்படுத்தாமல் விட்டவர்கள். சளிக்கு உருப்பெருக்கிப் பரிசோதனையோடு நிறுத்திவிடாமல் கிருமியின் மரபணுவைத் தேடும் ட்ரூநாட் அல்லது சிபிநாட் கருவியில் பார்க்கச் சொல்ல வேண்டும். அது குறைந்த கிருமியையும் கண்டுபிடிக்கும், முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் அன்றே சொல்லிவிடும்.

இப்போது பரிசோதனை, புதிய நோயாளர், இறப்பு ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். பரிசோதனை கூடி, நோயாளரும் கூடி, இறப்பு குறைந்தால் ஊர் சரியான பாதையில் முதல் கட்டத்தில் இருக்கிறது. அந்த ஆண்டின் ஏற்றத்தைப் பார்த்து யாரும் அஞ்ச வேண்டாம், அதை மேலதிகாரிகளுக்கும் தயங்காமல் விளக்க வேண்டும். பரிசோதனை சில ஆண்டுகள் உயர்ந்தே இருந்து, நோயாளர் குறைந்துகொண்டே வந்தால் நோய் உண்மையிலேயே பின்வாங்குகிறது. பரிசோதனையும் நோயாளரும் சேர்ந்து குறைந்தால் நாம் தேடுவதை நிறுத்திவிட்டோம். நோயாளர் எண்ணிக்கை அப்படியே இருக்க, இறப்பு மட்டும் ஏறினால் மக்கள் முற்றிய நிலையில் வந்து சேருகிறார்கள் என்று பொருள். பதிவானவர்களில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை ஒன்று இருந்தாலும் நின்று கவனியுங்கள். முதியவருக்கு வரும் காசநோய் பல ஆண்டுகளுக்கு முன் உள்ளே புகுந்த கிருமியால் இருக்கலாம். சின்னக் குழந்தைக்கு வந்தது அண்மையில் தொற்றியது. அந்தக் குழந்தைக்கு அருகே, இன்னும் கண்டறியப்படாத பெரியவர் ஒருவர் இருமிக்கொண்டிருக்கிறார்.

இறப்பை எண்ணுவது

இறப்பு எண்ணிக்கையில் விடுபடுவோர் அதிகம். சிகிச்சையில் இருக்கும்போது இறந்தவர்களே நிக்ஷயில் இறப்பாகக் காட்டப்படுவர். அதிலும் மாரடைப்போ சாலை விபத்தோ, எந்தக் காரணத்தால் இறந்தாலும் சிகிச்சைக் கால இறப்பு என்றே சேரும். கண்டறியப்பட்டு மருந்து தொடங்குவதற்குள் இறந்தவர்கள் பல நேரம் 'சிகிச்சைக்கு வராதவர்' என்ற கட்டத்தில் போய்விடுவார்கள். கண்டறியப்படாமலே இறந்தவர்கள் எந்தக் கட்டத்திலும் இல்லை. சிகிச்சை முடித்தபின் சேதமடைந்த நுரையீரலோடு ஓரிரு ஆண்டுகளில் இறப்பவர்களும் கணக்கில் வருவதில்லை. குணமானவர்களிடையேகூட இறப்பு, அதே வயதுள்ள மற்றவர்களைவிட அதிகம் என்பது பல நாடுகளில் கண்டறியப்பட்ட உண்மை. எச்.ஐ.வி. உள்ளவர் காசநோயால் இறந்தால் பன்னாட்டு வகைப்பாட்டில் அது எச்.ஐ.வி. இறப்பாகவே எழுதப்படும்.

ஆகையால் ஊராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவேட்டை எடுத்து, அந்த ஆண்டு இறந்த பெரியவர்கள் ஒவ்வொருவரையும் செவிலியரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். 6,000 பேர் ஊரில் இது ஒரு பிற்பகல் வேலை. நெடுநாள் இருமல், மெலிவு, ரத்த வாந்தி என்று ஊரார் நினைவுகூரும் இறப்புகளைத் தனியாகக் குறித்து மருத்துவ அலுவலரின் பார்வைக்கு அனுப்புங்கள். அது காசநோய்தானா என்று முடிவு செய்வது அவர் பொறுப்பு. அந்த வீட்டில் இருப்பவர்களைப் பரிசோதிக்கச் செய்வது நம் பொறுப்பு.

ஒவ்வோர் இறப்பையும் நாள் வாரியாக எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றைத்தான் உங்களால் செய்ய முடியும் என்றால், இந்தப் பகுதியைச் செய்யுங்கள். ஆண்டுக்கு ஒன்றிரண்டு இறப்பை வைத்து வீதம் கணக்கிட்டால் பெரிதாக எதுவும் புலப்படாது. அந்த ஒன்றிரண்டு பேரின் கதையை நாள் வாரியாக எழுதினால், அடுத்த ஆளைக் காப்பாற்றும் வழி அதிலேயே கிடைக்கும்.

அறிகுறி எப்போது தொடங்கியது, முதலில் எங்கே காட்டினார், எத்தனை இடம் அலைந்தார், சளி எந்த நாளில் எடுக்கப்பட்டது, முடிவு எப்போது வந்தது, மருந்து எப்போது தொடங்கியது, அன்று எடை எவ்வளவு, எழுந்து நிற்க முடிந்ததா, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாரா, சர்க்கரை, மதுப் பழக்கம் இருந்தனவா, எந்த நாளில் எங்கே இறந்தார் என்பவற்றை ஒரே தாளில் எழுத வேண்டும். துக்க வீட்டுக்குச் சில வாரம் கழித்துப் போங்கள். குற்றம் கண்டுபிடிக்க வந்தவர்கள் என்று அந்தக் குடும்பம் நினைத்துவிட்டால் ஒன்றும் கிடைக்காது; செவிலியரும் அப்படியே நினைத்துவிடுவார். தாளில் எந்த இடைவெளி நீளமானது என்று பாருங்கள். அறிகுறிக்கும் பரிசோதனைக்கும் நடுவே மூன்று மாதம் என்றால் ஊரில் விழிப்புணர்வும் அருகில் பரிசோதனை வசதியும் தேவை. பரிசோதனைக்கும் மருந்துக்கும் நடுவே இரண்டு வாரம் என்றால் அது அலுவலகத் தாமதம். மருந்து தொடங்கிப் பத்தாம் நாளில் இறந்தார் என்றால், அவர் தொடங்கிய அன்றே படுக்கையில் சேர்க்கப்பட வேண்டியவராக இருந்திருக்கலாம்.

காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் நிகழ்கிறது. இதைக் கருத்தில் கொண்டே தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் காசநோய் இறப்பில்லாத் திட்டம், சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவு இயல் நிறுவனத்தின் துணையோடு தொடங்கப்பட்டது. எக்ஸ்ரேக்கோ ரத்தப் பரிசோதனைக்கோ காத்திருக்காமல், கண்டறியப்பட்டவுடன் ஊழியரே பார்க்கக்கூடிய சில அடையாளங்களை வைத்து ஆபத்தில் இருப்பவரைப் பிரித்தெடுப்பதே அதன் சாரம். உடல் நிறைக் குறியெண் 14 அல்லது அதற்குக் கீழ் இருந்தாலும், 14க்கும் 16க்கும் இடையில் இருந்து இரு கால்களும் வீங்கியிருந்தாலும், நிமிடத்துக்கு 24க்கு மேல் மூச்சு வாங்கினாலும், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழ் இருந்தாலும், பிடிமானமின்றி நிற்க முடியாவிட்டாலும் அவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். குறியெண்ணைக் கணக்கிட, கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு 14 என்பது 36 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, 150 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு 31.5 கிலோ. ஒரு தராசு, ஓர் அளவு நாடா, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஆகிய மூன்றும் ஊரில் எப்போதும் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு பழைய வரலாறு நினைவுக்கு வருகிறது. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவ ஆய்வு மையம், காசநோயாளிகளைச் சானடோரியம் என்ற தங்கும் மருத்துவமனையில் வைத்துத்தான் குணப்படுத்த வேண்டும் என்பதில்லை, வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் குணமாவார்கள், வீட்டாருக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. இன்று உலகெங்கும் நோயாளிகள் வீட்டிலிருந்தபடியே மருந்து உண்பதற்கு அந்த ஆய்வே வித்து. மேற்சொன்ன திட்டம் அதை மறுப்பதன்று. பெரும்பாலோருக்கு வீடே போதும் என்ற உண்மையில், யாருக்குப் போதாது என்பதை முதல் நாளே கண்டுபிடிக்கச் சொல்கிறது.

உணவும் வீட்டாரும்

மெலிவு காசநோயை வரவழைக்கும்; காசநோய் மேலும் மெலிய வைக்கும். ஜார்க்கண்டில் நடந்த, 2023 ஆகஸ்டில் முடிவு வெளியான ஓர் ஆய்வில், நோயாளிகளின் வீட்டாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் வழங்கியபோது அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. முதல் இரண்டு மாதங்களில் எடை ஏறிய நோயாளிகளிடையே இறப்பும் வெகுவாகக் குறைவாக இருந்தது. ஆகவே உங்கள் கணக்கேட்டில் ஒவ்வொரு நோயாளிக்கும் தொடக்க எடை, இரண்டாம் மாத எடை என்று இரண்டு கட்டங்கள் இருக்க வேண்டும். அரசு தரும் ஊட்டச்சத்து உதவித்தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். அது வங்கிக் கணக்கில் உண்மையில் எப்போது ஏறியது என்ற தேதியையும் குறியுங்கள். பணம் ஆறாம் மாதம் மொத்தமாக வந்தால் முதல் மாத வயிற்றுக்கு அது உதவாது. அந்த இடைவெளியை நிரப்ப, நிக்ஷய் மித்ரா என்ற பெயரில் ஊரிலுள்ள வசதி படைத்தவர்களோ கூட்டுறவுச் சங்கமோ உணவுப் பை வழங்க முன்வரலாம்.

வீட்டார் அனைவரையும் பரிசோதித்து, நோய் இல்லை என்று உறுதியானபின் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும். எத்தனை பேர் தகுதி உடையவர்கள், எத்தனை பேர் தொடங்கினார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்ற மூன்று எண்களையும் எழுதுங்கள். மூன்றாவது எண்தான் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும்.

கிராம சபையில் சொல்லும்போது

ஓர் ஊரில் ஒன்பது நோயாளிகள், அதில் கிழக்குத் தெருவில் ஒரு பெண் என்று சொன்னாலே அது யார் என்று சபைக்குத் தெரிந்துவிடும். பிறகு அவளுடைய மகளின் கல்யாணப் பேச்சு நின்றுபோகும். அவள் மருந்து வாங்கப் போவதையும் நிறுத்திவிடுவாள். மொத்த எண்ணை மட்டும் சொல்லுங்கள். ஐந்துக்குக் குறைவான எந்த எண்ணையும் தெரு, வயது, சாதி, தொழில் என்று பிரித்துச் சொல்ல வேண்டாம். இறப்புத் தாள்கள் மருத்துவ அலுவலர் அறையைத் தாண்டக் கூடாது; அவற்றிலிருந்து கிடைத்த முடிவுகளை மட்டும் சபைக்குக் கொண்டுவரலாம்.

கணக்கை முடிக்கும் காலம் பற்றி ஒரு குறிப்பு. சிகிச்சை ஆறு மாதம் என்பதால், டிசம்பரில் கண்டறியப்பட்டவரின் முடிவு அடுத்த ஜூனில்தான் தெரியும். மருந்துக்குக் கட்டுப்படாத நோய் என்றால் அதற்கும் பிறகு. ஆகவே புதிய நோயாளர் எண்ணிக்கையை ஜனவரியிலேயே மூடிவிடலாம். இறந்தோர் விகிதத்தை மூடாதீர்கள். அந்தக் கட்டத்தைப் பென்சிலால் எழுதி, ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு முன் ஒவ்வொரு நோயாளியின் முடிவையும் மேற்பார்வையாளரோடு சரிபார்த்து, அதன் பிறகு பேனாவால் எழுதுங்கள்.